காஸ்ட்ராட்டோ பாடகர்களின் வரலாற்றைக் காதால் கற்பது எப்படி

பருவம் எய்துவதற்கு முன்பே விதைநீக்கம் செய்யப்பட்ட சிறுவன் வளர்ந்து ஆளாகிப் பாடும்போது எழுந்த குரல், இத்தாலியின் தேவாலயங்களிலும் ஐரோப்பாவின் ஓப்பரா அரங்குகளிலும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒலித்தது. அக்குரலையும் அதைப் பாடியவரையும் காஸ்ட்ராட்டோ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இன்று அவ்வாறு பாடுகிறவர் எவரும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அக்குரலுக்கென்றே எழுதப்பட்ட இசை மலையளவு எஞ்சியிருக்கிறது, அதை வேறு குரல்கள் இன்றும் பாடி வருகின்றன. குரல் மறைந்து இசை மட்டும் தங்கிவிட்ட இந்த வரலாற்றை வாசிப்பினால் மட்டும் அறிந்துகொள்ள முடியாது. எதை முதலில் கேட்பது, கேட்கும்போது எதைக் கவனிப்பது, சொல்லப்படும் கதைகளில் எவற்றை எந்த அளவுக்கு ஏற்பது என்பனவற்றுக்கு ஒரு வரிசை வேண்டும். நான் பல ஆண்டுகள் கேட்டும் படித்தும் கண்டடைந்த வரிசையை இங்கே தருகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தத் துறைக்குள் வருகிற பெரும்பாலோர், ஒலிப்பதிவு எஞ்சியிருக்கும் ஒரே காஸ்ட்ராட்டோ தனிப்பாடகரான அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கியின் பதிவுகளிலிருந்தே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பாடல்களுக்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டு, நெடுங்காலம் இந்த இசையையே ஒதுக்கி வைத்திருந்தேன். குறை மொரெஸ்கியிடம் இல்லை. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் அவரிடம் போனதே குறை. ஆகவே அவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடலில் நிகழ்ந்தது என்ன

இசைக்குப் போகும் முன் உடலைப் பற்றிய செய்தியைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் காஸ்ட்ராட்டோவைப் ‘பெண் குரலில் பாடிய ஆண்’ என்று எண்ணிக்கொண்டால் பின்னர் கேட்பதெல்லாம் பிழையாகவே காதில் விழும். பருவ வயதில் ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும்போது குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடித்து, குரல் உடைகிறது. அந்தச் சுரப்பு நின்றுபோனவனுக்குக் குரல் நாண்கள் சிறுவனுக்குரிய நீளத்தை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஆனால் மார்புக்கூடு, நுரையீரல், வாய், தொண்டை ஆகியவற்றின் வளர்ச்சி நிற்பதில்லை. அதுமட்டுமன்றி, கை கால்களின் நீண்ட எலும்புகளின் முனைகளிலுள்ள வளர்தட்டுகளை உரிய காலத்தில் மூடச்செய்யும் சுரப்பும் குறைந்துவிடுவதால் எலும்புகள் கூடுதல் காலம் வளர்கின்றன. அக்காலக் கேலிச் சித்திரங்களில் இப்பாடகர்கள் மிக உயரமாகவும் நீண்ட கைகால்களுடனும் வரையப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. புகழ்பெற்ற பாடகர் ஃபாரினெல்லியின் எலும்புகள் 2006-இல் பொலோன்யா நகரின் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்து ஆராயப்பட்டபோது, முதிய வயதிலும் வளர்தட்டுகளின் கோடுகள் எஞ்சியிருந்ததும், நெற்றி எலும்பின் உட்புறம் தடித்திருந்ததும் தெரியவந்தன.

சிறிய குரல் நாண்கள், அவற்றை இயக்கும் முழுவளர்ச்சி பெற்ற நுரையீரல், அந்த ஒலியைப் பெருக்கித் தரும் ஆள் அளவிலான தொண்டையும் வாயும் ஆகிய மூன்றும் ஒரே உடலில் கூடியதே காஸ்ட்ராட்டோ குரல். அது சிறுவனின் குரலும் அன்று, பெண்ணின் குரலும் அன்று, கள்ளக்குரலில் பாடும் ஆணின் குரலும் அன்று. மூச்சு விடாமல் நீண்டு செல்லும் வரிகளை இசைக்குறிப்பில் காணும்போதெல்லாம் இந்த உடலை நினைவில் கொள்ளுங்கள்.

அந்த உடல் யாருடையது என்பதையும் மறக்க வேண்டாம். ஏழெட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறுவர்கள், பெரும்பாலும் வறிய குடும்பத்தவர், தங்கள் வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிடும் ஒரு முடிவைத் தாங்களே எடுக்க இயலாத வயதில் இதற்கு உள்ளாக்கப்பட்டனர். திருச்சபைச் சட்டம் உடலுறுப்பைச் சிதைப்பதைத் தடைசெய்தது. அதைச் செய்தவர் சபைநீக்கம் செய்யப்படலாம். ஆகவே காட்டுப்பன்றி கடித்தது, குதிரையிலிருந்து விழுந்தான் என்ற காரணங்கள் சொல்லப்பட்டன. 1770-இல் இத்தாலியில் பயணம் செய்த ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, இது எங்கே செய்யப்படுகிறது என்று ஊர் ஊராக விசாரித்தார். மிலானில் வெனிஸ் என்றார்கள். வெனிஸில் பொலோன்யா என்றார்கள். பொலோன்யாவில் மறுத்துவிட்டு ஃபுளோரன்ஸைக் காட்டினார்கள். அங்கிருந்து ரோமும், ரோமிலிருந்து நேப்பிள்ஸும் காட்டப்பட்டன. எல்லோரும் கேட்டு மகிழ்ந்த குரலின் பிறப்பிடத்தை ஏற்றுக்கொள்ள எந்த ஊரும் முன்வரவில்லை. இந்த வரலாற்றில் நான் அடிக்கடி திரும்பிச் சென்று படிக்கும் பகுதி இதுதான்.

தேவாலயத்தில் தொடங்கிய வழி

ஓப்பராவின் பகட்டு கண்ணை மறைப்பதால் பலரும் தேவாலயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் காஸ்ட்ராட்டோ மரபு தொடங்கியதும் முடிந்ததும் தேவாலயத்தில்தான். கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளின் தேவாலயங்களில் விதைநீக்கம் செய்யப்பட்ட பாடகர்கள் பல நூற்றாண்டுகள் இருந்தனர். 1204-இல் சிலுவைப்போர்ப் படைகள் அந்நகரைச் சூறையாடியபின் அந்த மரபு மங்கியது. மேற்கே, சபையில் பெண்கள் பேசாதிருக்கட்டும் என்ற புனித பவுலின் வாசகத்தைக் காட்டிப் பெண்கள் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். பல குரல்கள் பின்னிச் செல்லும் பாடல்களின் மேல்வரியைச் சிறுவர்களும், கள்ளக்குரலில் தேர்ந்த ஆண்களும் பாடினர். சிறுவனுக்குக் கலை கைவருவதற்குள் குரல் உடைந்துவிடும். கள்ளக்குரலுக்கோ உச்சத்தில் வலிமை போதாது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசை மேலும் சிக்கலானபோது காஸ்ட்ராட்டோக்கள் அந்த இடத்திற்கு வந்தனர். 1589-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருத்தந்தை தூய பேதுரு பேராலயத்தின் பாடகர் குழுவைத் திருத்தியமைத்த ஆணையில் அவர்களுக்கு வெளிப்படையாகவே இடமளித்தார். 1599-இல் பியெத்ரோ பாவொலோ ஃபொலின்யாத்தோ, ஜிரோலமோ ரொசினி ஆகிய இருவர் திருத்தந்தையின் சிஸ்டைன் சிற்றாலயக் குழுவில் சேர்ந்தனர். இதே சிக்ஸ்துஸ்தான் 1587-இல் விதைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்குத் திருமணம் கூடாது என்றும் ஆணையிட்டவர். குரலுக்கு இடம் தந்து வாழ்வுக்கு இடம் மறுத்த இவ்விரு ஆணைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

இந்தப் பகுதிக்குக் கேட்கவேண்டியது, கிரெகோரியோ அல்லெக்ரி 1630-களில் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காக இயற்றிய ‘மிஸெரேரே’ என்ற தேவாலயப் பாடல். பதினான்கு வயது மோட்சார்ட் 1770-இல் இதைக் கேட்டு நினைவிலிருந்து எழுதினார் என்பது பலரும் அறிந்த செய்தி. இன்று பெரும்பாலான பதிவுகளில் சிறுவனோ பெண்ணோ திடீரென மேல் ஸ்தாயி ‘சி’ ஸ்வரத்தைத் தொடும் இடம் அல்லெக்ரி எழுதியதன்று. பிற்காலத்தில் இசைக்குறிப்பின் படிகள் ஒன்றோடொன்று கலந்து உருவானது. அல்லெக்ரி எழுதியது எளிமையான ஒரு சட்டகம். அதன்மீது திருத்தந்தையின் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அலங்காரங்களே அதற்குப் புகழ் சேர்த்தன. ஆகவே அலங்காரங்களை மீட்டுருவாக்கிப் பாடும் பதிவு ஒன்றைத் தேடி எடுத்து, வழக்கமான பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். காஸ்ட்ராட்டோவின் கலை எழுதப்பட்ட ஸ்வரங்களுக்கு இடையில்தான் இருந்தது என்பது இந்த ஒரு ஒப்பீட்டிலேயே விளங்கிவிடும்.

பயிற்சியை அறிந்தபின் கேளுங்கள்

விதைநீக்கம் பாடகரை உருவாக்கவில்லை; அது குரல் உடையாமல் நிறுத்தியது, அவ்வளவே. உருவாக்கியது பயிற்சி. நேப்பிள்ஸில் அனாதைச் சிறுவர்களுக்கான இல்லங்களாகத் தொடங்கிய நான்கு கன்சர்வடோரியங்கள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் முதன்மையான இசைப்பள்ளிகளாக விளங்கின. அவற்றுள் ஒன்றான சாந்தொனோஃப்ரியோவுக்குச் சென்ற பர்னி, ஒரே அறையில் பல மாணவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு பாடத்தை ஒரே நேரத்தில் உரக்கப் பயிலும் இரைச்சலைப் பதிவுசெய்திருக்கிறார். சளி பிடித்துக் குரல் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகக் காஸ்ட்ராட்டோ சிறுவர்கள் மட்டும் மாடியில் வெதுவெதுப்பான அறைகளில் தனியே தங்கவைக்கப்பட்டனர் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

ரோமில் விர்ஜிலியோ மட்சோக்கி நடத்திய பள்ளியின் நாள் ஒழுங்கை, தாமும் காஸ்ட்ராட்டோவாக இருந்த இசையமைப்பாளர் பொன்தெம்பி 1695-இல் எழுதிவைத்தார். காலையில் கடினமான பகுதிகளைப் பாட ஒரு மணி நேரம். இரண்டு ஸ்வரங்களுக்கிடையே விரைந்து அசையும் ட்ரில்லுக்கு ஒரு மணி நேரம். பிருகாக்களை ஒத்த விரைவோட்டங்களுக்கு ஒரு மணி நேரம். இலக்கியம் ஒரு மணி நேரம். நெற்றியும் கண்ணும் வாயும் கோணாதபடி கண்ணாடியின் முன் நின்று பாட மற்றொரு மணி நேரம். பிற்பகலில் இசை இலக்கணமும், பல குரல் இயற்றும் கலையும் கற்பிக்கப்பட்டன. நகர வாயிலுக்கு வெளியே மொன்தே மாரியோ பக்கம் சென்று எதிரொலியை நோக்கிப் பாடி, தம் குரல் எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டுத் திருத்திக்கொள்வதும் அவர்களுக்குப் பயிற்சியாக இருந்தது. ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் பாடகன் தன் குரலை வெளியே நின்று கேட்க அந்தக் குன்று உதவியது.

இவ்வளவு பயின்றும் பெரும்பாலோர் புகழடையவில்லை. ஊர்த் தேவாலயங்களில் சிறு சம்பளத்துக்குப் பாடியவர்களும், குரலே தேறாமல் போனவர்களும் அவர்களுள் அடங்குவர். நமக்குத் தெரிந்த பெயர்கள் மிகச் சிலவே என்பதை அடுத்த பகுதிக்குப் போகும் முன் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓப்பரா: ஒரு பாடகர், ஒரு ஆரியா

ஓப்பராவின் தொடக்கத்திலேயே காஸ்ட்ராட்டோ இருந்தார். 1607-இல் மாந்துவாவில் மொன்தெவெர்தியின் ‘ஓர்ஃபெயோ’ அரங்கேறியபோது முன்னுரைப் பாத்திரமான ‘இசை’யைப் பாடிய ஜொவான்னி குவல்பெர்தோ மால்யி ஒரு காஸ்ட்ராட்டோ. 1637-இல் வெனிஸில் சான் காஸியானோ அரங்கு கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது முதல் ஓப்பரா பெருகியது. அதனோடு தலைமைப் பாடகரின் புகழும் பெருகியது. ரோமில் பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால் அங்கே பெண் பாத்திரங்களையும் காஸ்ட்ராட்டோக்களே ஏற்றனர். பிற ஊர்களில் அவர்கள் ஏற்றவை பெரும்பாலும் மன்னர், படைத்தலைவர், காதலன் ஆகிய பாத்திரங்கள். வீரனுக்கு ஏன் இவ்வளவு உயர்ந்த குரல் என்று இன்றைய காது திகைக்கிறது. அக்காலக் காதுக்கோ உயர்ந்த ஸ்தாயி இளமையையும் மேன்மையையும் தெய்வத்தன்மையையும் குறித்தது. தாழ்ந்த குரல் கிழவனுக்கும் வில்லனுக்கும் உரியதாக இருந்தது. பிரான்ஸ் மட்டும் இதற்கு உடன்படவில்லை. அங்கே ஓப்பரா வீரனுக்கு, டெனர் எனப்படும் இயல்பான ஆண் குரலின் உயர்ந்த வகையே விதிக்கப்பட்டது. ஆயினும் வெர்சாய் அரச தேவாலயத்தில் இத்தாலியக் காஸ்ட்ராட்டோக்கள் பாடத்தான் செய்தார்கள்.

நூற்றுக்கணக்கான ஓப்பராக்களில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், இசையமைப்பாளர் ஹாண்டெலின் ‘ஆரியோதாந்தே’யில் வரும் ‘ஸ்கெர்ட்ஸா இன்ஃபிதா’ என்ற ஒரே ஆரியாவை, அதாவது ஒருவர் தனித்துப் பாடும் ஓப்பராப் பாடலை, எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதனோடு இருங்கள் என்பேன். 1735 ஜனவரியில் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஜொவான்னி காரெஸ்தீனி இதைப் பாடினார். காதலி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று தவறாக நம்பிய இளவரசன், சாவைத் தேடிப் போகுமுன் பாடுவது இது. வயலின்களும் வியோலாக்களும் ஒலியை மழுக்கும் தடையிட்டு வாசிக்கப்படுகின்றன. கீழ்ஸ்தாயித் தந்திகள் வில்லின்றி விரலால் மீட்டப்படுகின்றன. நடுவில் பஸூன் என்ற ஊதுகருவி தனியே ஏங்குகிறது. முதல் முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு இந்தப் பின்னணியை மட்டும் கேளுங்கள். பாடகருக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எந்த இடங்களில் கருவிகள் விலகி நின்று அவர் மூச்சுக்காகக் காத்திருக்கின்றன என்பது அப்போது தெரியும்.

இரண்டாம் முறை கேட்கும்போது வடிவத்தைக் கவனியுங்கள். இது டா காப்போ ஆரியா. முதல் பகுதி, மனநிலை மாறும் குறுகிய நடுப்பகுதி, பிறகு முதல் பகுதியே திரும்பவும் வரும். முதற்பகுதியில் துரோகம் செய்தவளைச் சிரித்துக்கொண்டிரு என்று சபித்துத் தான் சாகப் போவதைச் சொல்கிறான். நடுப்பகுதியில், ஆவியாய்த் திரும்பி வந்து உன்னை வருத்துவேன் என்கிறான். மீண்டும் முதற்பகுதி வரும்போது அதே சொற்கள் வேறு பொருள் பெறுகின்றன. அந்தத் திரும்பலில்தான் காஸ்ட்ராட்டோவின் கலை முழுதாக வெளிப்பட்டது. தாமும் காஸ்ட்ராட்டோவான பியெர் ஃபிரான்செஸ்கோ தோஸி 1723-இல் வெளியிட்ட பாட்டு நூலில், முதற்பகுதியில் அலங்காரம் சிறிதாக இருக்கவேண்டும், நடுப்பகுதியில் சற்றுக் கூடவேண்டும், திரும்பி வரும்போது எழுதியதை மேம்படுத்திப் பாடத் தெரியாதவன் பெரிய பாடகன் அல்லன் என்ற பொருள்பட எழுதினார். ஆகவே மூன்றாம் முறை கேட்கும்போது, இசைக்குறிப்பு கிடைத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பலில் பாடகர் எங்கெல்லாம் எழுதப்பட்ட வரியிலிருந்து விலகுகிறார் என்று பென்சிலால் குறியுங்கள். அந்த விலகல் துயரத்தைக் கூட்டுகிறதா, திறமையை மட்டும் காட்டுகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பாடகரின் பதிவையும் எடைபோட இதைவிடச் சிறந்த உரைகல்லை நான் கண்டதில்லை.

நான்காம் முறை, அதே ஓப்பராவில் காரெஸ்தீனி கடைசியில் பாடிய ‘தோப்போ நொத்தே’யைச் சேர்த்துக் கேளுங்கள். இருள் நீங்கிய மகிழ்ச்சியில் மேலும் கீழும் பாயும் விரைவோட்டங்கள் அதில் நிறைந்திருக்கின்றன. ஒரே இரவில் ஒரே தொண்டை இவ்விரண்டையும் பாடியது.

அதன்பின் ஃபாரினெல்லிக்கு வாருங்கள். 1705-இல் ஆந்த்ரியாவில் பிறந்த இவருடைய இயற்பெயர் கார்லோ பிரோஸ்கி. நேப்பிள்ஸில் நிக்கொலா பொர்ப்பொராவிடம் பயின்று, 1720-இல் மேடையேறி, 1734-இல் லண்டன் வந்தார். அங்கே ‘அர்தஸெர்ஸெ’யில் அவருடைய அண்ணன் ரிக்கார்தோ இயற்றிய ‘ஸொன் க்வால் நாவே’ என்ற ஆரியாவைத் தொடங்கும்போது, முதல் ஸ்வரத்தை மெல்லிய இழையாக எடுத்து, சிறுகச் சிறுகப் பெருக்கி, மீண்டும் அவ்வாறே தேய்த்து முடித்தபோது ஐந்து நிமிடம் கைதட்டல் நிற்கவில்லை என்று பர்னி எழுதுகிறார். மெஸ்ஸா தி வோச்சே எனப்படும் இந்த நுட்பமே அப்பள்ளியின் உச்சம். 1735-இல் பொர்ப்பொரா தம் மாணவனுக்காக எழுதிய ‘போலிஃபேமோ’விலுள்ள ‘ஆல்தோ ஜோவே’ இந்த நுட்பத்தை நிதானமாகக் கேட்க உதவும். விரைவோட்டங்களைக் கண்டு வியப்பது எளிது. ஒரே ஸ்வரம் வளர்ந்து தேய்வதைப் பொறுமையாகக் கேட்பதற்குக் காது பழகவேண்டும்.

ஹாண்டெலின் ‘ஜூலியோ சேஸரே’ (1724) ஓப்பராவில் சீசராகப் பாடிய ஸெனெஸீனோ, சற்றுத் தாழ்ந்த ஆல்ட்டோ குரலினர். அவருக்காக எழுதிய ‘வா தாச்சித்தோ’வில் வேட்டைக் கொம்பு குரலோடு உரையாடுகிறது. ‘செர்ஸெ’ (1738) ஓப்பராவின் ‘ஓம்ப்ரா மாய் ஃபூ’வை முதலில் பாடியவர் காஃபரெல்லி. இவ்விரண்டும் எளிதில் கிடைப்பவை. அவற்றை இங்கே நான் விரித்துரைக்கவில்லை.

மாற்றுக் குரல்களை ஒப்பிடும் முறை

இன்று நாம் கேட்பது எல்லாமே மாற்றுக் குரல்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெட்டிங்கன் நகரில் 1920 முதல் ஹாண்டெலின் ஓப்பராக்கள் மீண்டும் மேடையேறியபோது, சீசரின் பகுதியை ஒரு ஸ்தாயி கீழிறக்கி, டெனரைவிடத் தாழ்ந்த ஆண் குரலான பாரிடோன் பாடகர்களுக்குக் கொடுத்தார்கள். வயலின்களோடு சேர்ந்து பின்னவேண்டிய குரல் அவற்றுக்கு அடியில் போய்ப் புதைந்தது. பிறகு ஆல்ஃபிரெட் டெல்லர் போன்றோரால் கவுண்டர்டெனர் குரல் மீண்டும் மதிப்புப் பெற்றது. கள்ளக்குரலை நுட்பமாக வளர்த்த இத்தகைய ஆண்களே இன்று இப்பாத்திரங்களில் அதிகம் பாடுகிறார்கள். மேடையில் ஆணாகத் தெரிவதால் இவர்களே காஸ்ட்ராட்டோவுக்கு மிக நெருங்கியவர்கள் என்று கருதுவது வழக்கம். ஒலியளவில் அது சரியன்று. கவுண்டர்டெனரின் குரல் நாண்கள் முழுவளர்ச்சி பெற்றவை. அவற்றின் விளிம்புகளே பெரும்பாலும் அசைகின்றன. மேஸ்ஸோ ஸோப்ரானோ எனப்படும் நடுத்தர ஸ்தாயியில் பாடும் பெண்ணின் குரல் உறுதியிலும் உரப்பிலும் அந்தப் பழைய குரலுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கலாம். ஹாண்டெலே ‘ரதமிஸ்தோ’வின் தலைமைப் பாத்திரத்தை 1720 ஏப்ரலில் மார்கெரீத்தா துராஸ்தாந்தி என்ற பெண்ணுக்குக் கொடுத்தார், ஸெனெஸீனோ வந்து சேர்ந்தபின் டிசம்பரில் அவருக்கு மாற்றி எழுதினார். ஆகவே வீரன் வேடத்தில் பெண் பாடும் பதிவை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பழக மிகச் சிறந்த படைப்பு குளுக்கின் ‘ஓர்ஃபெயோ எட் எவுரிதீச்சே’. 1762-இல் வியன்னாவில் இதைப் பாடிய கயெத்தானோ குவாதான்யி, லண்டனில் ஹாண்டெலுக்காக ‘மெஸையா’வில் பாடியவர், நடிகர் டேவிட் காரிக்கிடம் நடிப்பின் இயல்பைக் கற்றவர். அலங்காரப் பெருக்கை விலக்கி உணர்ச்சியை நேராகச் சொல்லும் புதிய இசைக்கு அவர் பொருந்தினார். 1774-இல் பாரிஸுக்காகக் குளுக்கே இதை உயர்ந்த டெனர் குரலுக்கு மாற்றினார். 1859-இல் இசையமைப்பாளர் பெர்லியோஸ், பொலீன் வியார்தோ என்ற பாடகிக்காக மீண்டும் அமைத்தார். இறந்த மனைவியை இரண்டாம் முறையும் இழந்தவன் பாடும் ‘கே ஃபரோ’வை இம்மூன்று வடிவங்களிலும் ஒரே மாலையில் கேளுங்கள். டெனர் பாடும்போது கணவன் ஒருவனின் அழுகை கேட்கிறது. மற்ற இரண்டில் துயரம் ஆணுக்கோ பெண்ணுக்கோ உரியதாகாமல் தனியே நிற்கிறது. முதல் அரங்கேற்றத்தின் பார்வையாளர் கேட்டது இந்த இரண்டாவது வகைக்கு அருகில் இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இயந்திரத்தால் குரலைக் கலக்கும் முயற்சியும் நடந்தது. 1994-இல் வெளிவந்த ஃபாரினெல்லி பற்றிய திரைப்படத்துக்காக டெரெக் லீ ராகின் என்ற கவுண்டர்டெனரின் குரலும் எவா மாவாஸ் கொட்லெவ்ஸ்கா என்ற ஸோப்ரானோவின் (உயர்ந்த ஸ்தாயியில் பாடும் பாடகியின்) குரலும் பாரிஸில் கணினியால் இணைக்கப்பட்டன. ஒரு முறை கேட்கத் தக்கது. அதையே சான்றாகக் கொள்ளத் தகாது.

கதைகளைச் சலித்தெடுப்பது

இவ்வரலாற்றில் கதைகள் மிகுதி. ரோமில் பதினேழு வயது ஃபாரினெல்லி ஓர் ஊதுகொம்புக் கலைஞரோடு இரவுதோறும் போட்டியிட்டு வென்றது, பொர்ப்பொரா ஒரே தாளிலுள்ள பயிற்சிகளை மட்டும் ஆண்டுக்கணக்கில் பாடவைத்துக் காஃபரெல்லியை உருவாக்கியது என்று பல கதைகள் உலவுகின்றன. இவற்றைத் தள்ளிவிட வேண்டாம். அக்காலத்தவர் எதை மெச்சினார்கள் என்பதை இவை காட்டுகின்றன. ஆனால் நிகழ்ச்சிக்கும் அதை எழுதியவருக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பாருங்கள். 1737-இல் ஃபாரினெல்லி மத்ரித் சென்று, மனச்சோர்வில் மூழ்கியிருந்த ஐந்தாம் ஃபெலிப்பே மன்னருக்காக இரவுதோறும் பாடினார் என்பது உறுதியான செய்தி. ஆண்டுக்கணக்கில் அதே நான்கு ஆரியாக்களைப் பாடினார் என்பது பர்னி மூலம் பரவிய வடிவம். ஃபாரினெல்லி தம் நண்பர் சிச்சினியோ பேப்போலிக்கு எழுதிய கடிதமோ, ஓரிரவுக்கு எட்டு ஒன்பது ஆரியாக்கள் பாடவேண்டியிருக்கிறது, ஓய்வே இல்லை என்கிறது. கடிதத்தில் தெரிகிற களைத்த மனிதர் கதையில் வரும் மந்திரப் பாடகரை விட எனக்கு நெருக்கமானவர். ஆண்டுதோறும் நாலாயிரம் சிறுவர்கள் என்று பல இடங்களில் காணப்படும் எண்ணுக்கு எந்தப் பதிவேடும் அடிப்படையாக இல்லை. அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். காஸ்ட்ராட்டோக்களின் காதல் வாழ்க்கை பற்றிய வம்புகளும் நிறைய உண்டு. அவற்றில் நேரம் செலவிடுவதற்கு முன், ஜூஸ்தோ தெந்தூச்சி 1766-இல் டொரோதியா மான்செல் என்ற இளம்பெண்ணை மணந்ததையும், பின்னர் அத்திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதையும் படித்தால், அவர்களுக்குச் சட்டம் எங்கே சுவர் எழுப்பியிருந்தது என்பது விளங்கும்.

முடிவுக்காலத்தை அறிய இரண்டு படைப்புகள் போதும். மோட்சார்ட் 1773-இல் மிலானில் வெனன்சியோ ரவுட்சீனிக்காக எழுதிய ‘எக்ஸுல்தாத்தே யூபிலாத்தே’ அக்குரலின் நிறைவான மகிழ்ச்சி. இன்று அதைப் பெண்கள் பாடுவதால் அதன் பிறப்பு மறந்துபோயிற்று. 1824-இல் வெனிஸில் மெயர்பீர் ‘எகிப்தில் சிலுவைவீரன்’ என்ற ஓப்பராவில் ஜொவான்னி பத்தீஸ்தா வெல்லூத்திக்காக எழுதியதே காஸ்ட்ராட்டோவுக்கென எழுதப்பட்ட கடைசிப் பெரிய ஓப்பராப் பாத்திரம். இடைப்பட்ட காலத்தில் மக்களின் மனசாட்சியும் மாறியது, சுவையும் மாறியது. வீரனின் குரல் டெனரிடம் போய்விட்டது. 1837-இல் பாரிஸில் டெனர் பாடகர் ஜில்பெர் துப்ரே மேல் ‘சி’யை நெஞ்சுக்குரலில் முழங்கியபின் அது திரும்பி வரவேயில்லை.

இனி மொரெஸ்கி

1858-இல் ரோமுக்கு அருகே மொன்தே கொம்பாத்ரியில் பிறந்த மொரெஸ்கி, 1883-இல் சிஸ்டைன் குழுவில் சேர்ந்தார். கிராமஃபோன் நிறுவனத்தார் 1902-இலும் 1904-இலும் ரோமுக்கு வந்து அவர் பாட்டைப் பதிவுசெய்தனர். அவரைக் கேட்பதற்கு முன் சிலவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் ஓப்பராப் பாடகர் அல்லர். ஃபாரினெல்லியின் பள்ளிக்கும் அவருக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஸ்வரத்தைத் தேம்பலோடு எடுப்பதும், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து போவதும் அக்கால ரோமின் பாடும் பாணி. அதைப் பிழை என்று எண்ணி ஒதுங்கவேண்டாம். அக்காலத் தட்டுகளின் சுழல்வேகம் ஒரே அளவாக இருந்ததில்லை; வேகம் தவறினால் குரலின் ஸ்தாயியும் தன்மையும் மாறிவிடும். ஆகவே வேகத்தைச் சரிசெய்து வெளியிட்ட மறுபதிப்பையே தேடுங்கள். ஒலிவாங்கிக் கொம்புக்கு முன் நெருக்கமாக நின்று பாடவேண்டிய அந்த முறை, உயர்ந்த குரலின் மேல் ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது. கேட்கிற கூர்மையில் ஒரு பங்கு இயந்திரத்துடையது.

குனோவின் ‘ஆவே மரியா’வே மிகவும் பரவியது. ஆயினும் முதலில் ரோசினியின் ‘க்ரூசிஃபிக்ஸுஸ்’ பதிவைக் கேளுங்கள். கீழிருந்து மேலே செல்லும்போது குரல் எங்கே நிறம் மாறுகிறது என்று கவனியுங்கள். கீழ்ப்பகுதியில் ஆணின் நெஞ்சொலி போன்ற ஓர் அடர்த்தியும், மேலே போகையில் யாருடையது என்று வயதோ பாலோ சொல்ல முடியாத ஒரு தெளிவும் கேட்கும். நான்கைந்து முறை கேட்டபின் இரைச்சல் பின்வாங்கிவிடும். அப்போது நாற்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் வேலை நாளொன்றில் நின்று பாடுவது காதில் விழும்.

1903 நவம்பரில் பத்தாம் பயஸ் திருத்தந்தை வெளியிட்ட ஆணை, தேவாலயத்தில் உயர்ந்த குரல்களுக்குச் சிறுவர்களையே கொள்ளவேண்டும் என்றது. குழுவில் இருந்தவர்கள் பணிக்காலம் முடியும்வரை விடப்பட்டனர். மொரெஸ்கி 1913-இல் ஓய்வுபெற்று 1922-இல் காலமானார். அந்த ‘க்ரூசிஃபிக்ஸுஸ்’ இடம்பெற்ற பூசை இசையை 1863-இல் எழுதியபோது ரோசினி, இதைப் பாட மூன்று பால்களைச் சேர்ந்த பன்னிரண்டு பாடகர்கள் போதும் என்று குறிப்பெழுதி, ஆண்கள், பெண்கள், காஸ்ட்ராட்டோக்கள் என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசையின் கடைசிச் சொல்லுக்குரிய குரல் ரோசினியின் அதே இசையைப் பாடி எஞ்சியிருப்பது இந்தச் சில நிமிடப் பதிவில்தான்.